படம் ஏன் நிற்கிறது? வரவேற்பறையில் தொடங்கி சஞ்சார் பவன் வரை

புது தில்லி: தலைநகரின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் ஒரே மாதிரியான காட்சி ஒன்று அரங்கேறுகிறது. குடும்பத்தினர் அனைவரும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கின்றனர். படம் உச்சகட்டத்தை நெருங்கும்போது திரை உறைகிறது. நடுவில் ஒரு வட்டம் சுழல்கிறது. சில வினாடிகளில் வசனம் முன்னே ஓட, உதடுகள் பின்னால் அசைகின்றன. ஒருவர் எழுந்து சென்று ரூட்டரை அணைத்துப் போடுகிறார். மறுநாள் காலை இணைய நிறுவனத்தின் சேவை மையத்துக்குத் தொலைபேசி செல்கிறது. இன்னும் வேகமான திட்டத்துக்கு மாறினால் சரியாகிவிடும் என்று பதில் வருகிறது. மாதக் கட்டணம் சில நூறு ரூபாய் கூடுகிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை படம் அதே இடத்தில் மீண்டும் நிற்கிறது.

அதே இடத்தில் என்பதுதான் இங்கு கவனிக்க வேண்டியது. இணையக் கோளாறு ஒரு படத்தின் குறிப்பிட்ட காட்சியைத் தேடிப் பிடித்து வருவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. அந்தப் படம் இணையத்திலிருந்து வரவே இல்லை. பக்கத்து அறையில் உள்ள ஹார்டு டிஸ்க்கிலிருந்து, வீட்டு வை-ஃபை வழியாக, தொலைக்காட்சிக்குக் கீழே உள்ள மீடியா பிளேயருக்கு வருகிறது. இணைய இணைப்பை முற்றிலும் துண்டித்துவிட்டாலும் அது ஓட வேண்டும். வெளியே செல்லும் கம்பியில் வேகம் கூடியதால் வீட்டுக்குள் நடக்கும் பயணத்துக்கு ஒரு பயனும் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை என்பதற்காக வீதிக் குழாயைப் பெரிதாக்கச் சொல்லும் கதை இது. அடைப்பு இருப்பதோ மாடித் தொட்டிக்கும் குளியலறைக்கும் நடுவில்.

இதில் வீட்டுக்காரரின் பணமும் இருக்கிறது, மத்திய அரசின் கொள்கையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவரை, தவறு யாருடையது என்று கேட்கவும் முடியாது.

முதல் சோதனை: பென் டிரைவ்

ஹார்டு டிஸ்க்கில் தொடங்கித் திரையில் முடியும் இந்தப் பயணத்தில் கண்ணிகள் பல. எது அறுந்தது என்று அறிய எளிய வழி, நடுவில் உள்ளதை நீக்கிவிட்டுப் பார்ப்பது. நின்றுபோகும் படத்தை ஒரு பென் டிரைவில் நகல் எடுத்து, மீடியா பிளேயரில் நேரடியாகச் செருக வேண்டும். தடையின்றி ஓடினால் குற்றவாளி வை-ஃபை அல்லது அதற்கு அப்பால் உள்ள கணினி. அப்போதும் நின்றால் குற்றம் பிளேயரிலோ, படக் கோப்பிலோ இருக்கிறது. வேறொரு கணினியிலும் அதே காட்சியில் நின்றால் கோப்பே பழுது; அதற்கு வேறு வைத்தியம் கிடையாது. நகல் எடுக்கும்போது "கோப்பு மிகப் பெரியது" என்று கணினி முரண்டு பிடித்தால் பயப்பட வேண்டாம். பழைய ஃபேட்-32 முறையில் வடிவமைக்கப்பட்ட பென் டிரைவ்கள் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்பதில்லை. எக்ஸ்-ஃபேட் முறைக்கு மாற்றினால் போதும்; மாற்றினால் உள்ளே இருப்பது அழிந்துவிடும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

இந்த ஐந்து நிமிடச் சோதனையை எந்தச் சேவை மையமும் சொல்வதில்லை. சொன்னால் கட்டணம் கூடாது.

ஹார்டு டிஸ்க்கையே பிளேயரில் நேரடியாகச் செருகியிருப்பவர்களுக்கு வேறொரு தொல்லை உண்டு. யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் வரை தரும்படி வகுக்கப்பட்டது. கையடக்க ஹார்டு டிஸ்க்குகள் சுழலத் தொடங்கும் வேளையில் அதைவிட அதிகம் கேட்கின்றன. கேட்டது கிடைக்காதபோது டிஸ்க் ஒரு 'கிளிக்' சத்தத்துடன் இணைப்பை விட்டுவிடுகிறது, திரை உறைகிறது. நேரு பிளேஸ் சந்தையில் விற்கப்படும், தனி மின்வசதி கொண்ட யுஎஸ்பி ஹப் ஒன்று இதைத் தீர்த்துவிடும். பிளேயருடன் வந்த மின் அடாப்டர் பழுதாகி, வாங்கிய விலைக்கு வேறொன்றைப் பொருத்தியிருந்தால் சந்தேகம் அதன் மேலும் விழ வேண்டும். மின்னணுப் பொருள்களுக்கான 2012-ம் ஆண்டின் கட்டாயப் பதிவு ஆணையின் கீழ் அடாப்டர்களும் கொண்டுவரப்பட்டன. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பதிவு எண் இல்லாத அடாப்டரை வாங்குபவர் எதை வாங்குகிறார் என்பது அவருக்கே தெரியாது.

தில்லியின் வெயிலையும் இங்கே சொல்லியாக வேண்டும். மே, ஜூன் மாதங்களில் வெளியே 45 டிகிரியைத் தொடும் நகரில், விசிறி இல்லாத சிறு பெட்டியைக் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் பூட்டி வைப்பது வழக்கமாக இருக்கிறது. சூடு ஏறினால் தன்னைக் காத்துக்கொள்ளச் செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் அரை மணி நேரம் நன்றாக ஓடிய படம் பிறகு திக்கத் தொடங்கினால், கதவைத் திறந்து வைத்துப் பார்ப்பது செலவில்லாத வைத்தியம்.

காற்றில் உள்ள நெரிசல்

பென் டிரைவில் சரியாக ஓடிய படம் வை-ஃபையில் திக்கினால் விஷயம் அலைக்கற்றைக்கு வந்துவிடுகிறது. இச்சொல்லைத் தமிழக வாசகருக்குப் புதிதாக அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2012 பிப்ரவரி 2-ல் 122 உரிமங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும், அதைத் தொடர்ந்த அரசியலும் நினைவில் இருக்கும். அங்கே பேசப்பட்டது உரிமம் பெற்று, விலை கொடுத்துப் பயன்படுத்தும் அலைக்கற்றை. வீட்டு வை-ஃபை பயன்படுத்துவதோ உரிமம் தேவையில்லாத, யாருக்கும் சொந்தமில்லாத, எனவே எல்லோரும் முட்டிமோதும் அலைக்கற்றை.

இந்தியாவில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை 2005 ஜனவரியில் உரிமக் கட்டுப்பாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டது. அதன் அகலம் 83.5 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே. ஒன்றோடொன்று உரசாத பாதைகள் என்று பார்த்தால் அதில் தேறுவது மூன்று: 1, 6, 11. நாற்பது வீடுகள் உள்ள ஒரு கட்டடத்தில் நாற்பது ரூட்டர்கள் இந்த மூன்று பாதைகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அதே அலைவரிசையில்தான் புளூடூத் ஒலிப்பெட்டியும், சமையலறையின் மைக்ரோவேவ் அடுப்பும் இயங்குகின்றன. ரூட்டர் அட்டைப்பெட்டியின் மேல் 300 மெகாபிட் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு சுவர்களைத் தாண்டி, பக்கத்து வீட்டாரோடு போட்டியிட்டு வந்து சேர்வது அதில் ஒரு சிறு பங்கு. அதுவும் சீராக வராது. விட்டுவிட்டு வரும். மின்னஞ்சலுக்கும் செய்தித்தளத்துக்கும் அது போதும். நொடிக்கு 24 சட்டங்களை இடைவிடாமல் கேட்கும் திரைப்படத்துக்குப் போதாது.

இதற்கான மாற்று 5 கிகாஹெர்ட்ஸ். தூரம் குறைவு, சுவரைத் துளைக்கும் வலுவும் குறைவு. ஆனால் இடம் தாராளம். இந்தியாவில் நெடுங்காலம் இதன் சில பகுதிகள் மட்டும், கட்டடத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளோடு திறந்திருந்தன. 2018 அக்டோபரில் தொலைத்தொடர்புத் துறை வெளியிட்ட அரசிதழ் அறிவிக்கையில்தான் இவ்வலைவரிசையில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டது. ஏறத்தாழ ஏழு மடங்கு விசாலமான சாலை. அப்படியிருந்தும், 2.4 மட்டுமே அறிந்த மலிவான ரூட்டரை வைத்துக்கொண்டு மாதக் கட்டணத்தை மட்டும் உயர்த்திக்கொண்டே போகும் வீடுகள் ஏராளம். மாற்ற வேண்டியது திட்டத்தை அல்ல, பெட்டியை.

அடுத்த கட்டமான 6 கிகாஹெர்ட்ஸில்தான் உண்மையான இழுபறி நடந்தது. அமெரிக்கா 2020 ஏப்ரலில் 1,200 மெகாஹெர்ட்ஸை வை-ஃபைக்குத் திறந்துவிட்டது. இங்கோ கைப்பேசிச் சேவை நிறுவனங்கள் இந்த அலைவரிசையைத் தங்களது 5ஜி விரிவாக்கத்துக்கு ஏலம் விட வேண்டும் என்றன. இணைய, கருவி நிறுவனங்கள் வை-ஃபைக்கே வேண்டும் என்றன. செயற்கைக்கோள்களுக்குத் தகவல் அனுப்பவும் இதே பகுதி பயன்படுவதால் எச்சரிக்கையும் தேவைப்பட்டது. முடிவில் 5925 முதல் 6425 வரையிலான 500 மெகாஹெர்ட்ஸை மட்டும், குறைந்த சக்தியில், பெரும்பாலும் கட்டடங்களுக்குள் பயன்படுத்தும் வகையில் விடுவிப்பதற்கான வரைவு விதிகளை மத்திய அரசு 2025 மே மாதத்தில் வெளியிட்டது. அமெரிக்கா திறந்து ஐந்தாண்டுகளுக்குப் பிறகு, அதில் பாதிக்கும் குறைவான அகலத்தில். ஏலம் விட்டால் கருவூலத்துக்கு வருவாய் என்ற வாதம் தவறன்று. ஆனால் நாற்பது வீட்டு நெரிசலுக்கு யாரும் கணக்கு எழுதுவதில்லை.

ரூட்டரை மாற்ற முடியாதவர்கள் ஈதர்நெட் கம்பியைப் பொருத்திவிடுவார்கள். பெரும்பாலும் அதோடு தொல்லை தீரும். ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. விலை உயர்ந்த தொலைக்காட்சி வாங்கியவர்கள் அதில் சிக்குகிறார்கள். 4கே தொலைக்காட்சிகள் பலவற்றில் உள்ள கம்பித் துளையின் வேகம் நொடிக்கு 100 மெகாபிட் மட்டுமே. 4கே புளூ-ரே வட்டின் உச்சவரம்போ 128 மெகாபிட். சராசரி அதைவிட வெகு குறைவாக இருந்தாலும், மழையும் புகையும் கூட்டமும் நிறைந்த காட்சிகளில் தேவை திடீரென எகிறும். அந்த இடத்தில் படம் நிற்கும். ஒவ்வொரு முறையும் உச்சகட்டத்தில் நிற்பதன் மர்மம் பல வீடுகளில் இதுதான். இங்கே கம்பியைக் கழற்றிவிட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வை-ஃபைக்கு மாறினால் படம் ஓடுகிறது. கம்பிதான் எப்போதும் மேல் என்று நம்புகிறவர்களுக்கு இது ஜீரணிக்கக் கடினமான உண்மை.

விஎல்சி காணாமல் போன ஆண்டு

படம் வந்து சேர்ந்தும் திரைக்கு வராமல் போவதுண்டு. இன்று ஒரு திரைப்படம் சுருக்கப்பட்ட வடிவிலேயே சேமிக்கப்படுகிறது. 2003-ல் வந்த எச்.264 முறை, 2013-ல் வந்த எச்இவிசி முறை, 2018-ல் வந்த ஏவி1 முறை என ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைவிடக் குறைந்த இடத்தில் அதே தரத்தைத் தருகிறது. பதிலுக்கு, விரித்துக் காட்டும் வேலை கடினமாகிறது. இதற்கென்றே தனிச்சுற்று பொதிந்த சில்லு இருந்தால் பெட்டி அலட்டிக்கொள்ளாது. இல்லையேல் பொதுச் செயலி அந்தச் சுமையைத் தூக்க முயன்று மூச்சுத் திணறும். ஒலி தெளிவாக வர, படம் மட்டும் துள்ளித் துள்ளி நகர்ந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. பழைய பெட்டிகளில் எட்டு பிட் எச்இவிசி படம் ஓடி, பத்து பிட் படம் திக்குவதும் இதே கதைதான்.

இதைக் கண்டறிய இலவச மென்பொருள்களே போதும். மீடியா பிளேயர்களில் பரவலாக உள்ள 'கோடி' என்ற மென்பொருளில் (நமக்கு இது தேர்தல் நிதியை நினைவூட்டும் பெயர், 2014 வரை அது எக்ஸ்பிஎம்சி) படம் ஓடும்போதே கோடெக் எது, தனிச்சுற்று வேலை செய்கிறதா என்பதைத் திரையில் வரவழைக்கலாம். கணினியில் விஎல்சி மென்பொருளின் கோடெக் தகவல் பகுதியில், எத்தனை சட்டங்கள் தொலைந்தன என்ற எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும். அந்த எண் ஏறினால் குற்றம் விரிப்பதில். ஏறாமல் படம் நின்றால் குற்றம் வருகையில்.

இந்த விஎல்சிக்கு இந்தியாவில் நேர்ந்தது அரசியல் வாசகர்கள் மறக்கக் கூடாத ஒன்று. பிரான்ஸைச் சேர்ந்த லாப நோக்கற்ற அமைப்பான வீடியோலேன் உருவாக்கி, மூலநிரலையும் வெளிப்படையாக வைத்து, இலவசமாக வழங்கும் மென்பொருள் அது. 2022 பிப்ரவரி முதல் அதன் இணையதளம் இந்தியாவில் பல இணைய நிறுவனங்களின் இணைப்புகளில் திறக்கவில்லை. ஆணை எதுவும் வெளியிடப்படவில்லை. காரணம் சொல்லப்படவில்லை. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டவர்களுக்கு, தம்மிடம் தகவல் இல்லை என்று மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் பதிலளித்தது. 2022 அக்டோபரில் இண்டர்நெட் ஃப்ரீடம் பவுண்டேஷன் அமைப்பின் சட்ட உதவியுடன் வீடியோலேன் அரசுக்கு வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பியது. நவம்பரில் தடை நீங்கியது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு இணையதளங்களை முடக்கும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2009-ம் ஆண்டு விதிகளின் 16-வது விதி, புகார்களும் நடவடிக்கைகளும் ரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்கிறது. 2015-ல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் 66ஏ பிரிவை ரத்து செய்த உச்ச நீதிமன்றம், 69ஏ பிரிவைச் செல்லும் என்றது. காரணங்கள் எழுத்து மூலம் பதிவாக வேண்டும் என்பதை அதற்கான பாதுகாப்புகளில் ஒன்றாகக் குறிப்பிட்டது. பதிவாகிறது சரி, பாதிக்கப்பட்டவருக்கு அது காட்டப்படாவிட்டால் அந்தப் பாதுகாப்பு யாருக்கு? பாதுகாப்பின் பெயரால் அசல் தளம் முடங்கியபோது, மென்பொருளைத் தேடியவர்கள் யார் நடத்துவது என்றே தெரியாத தளங்களுக்குப் போகும் நிலை ஏற்பட்டது என்பதும் இதன் விசித்திரம்.

துள்ளலும் கறுப்பும்

எல்லாம் சரியாக இருந்தும் சீராக ஒரே இடைவெளியில் ஒரு துள்ளல் வருவதாகச் சிலர் சொல்வதுண்டு. கடிகாரத்தை வைத்துப் பார்த்தால் 41, 42 வினாடிக்கு ஒருமுறை. இது பழுது அல்ல, கணக்கு. வட்டுகளில் வரும் திரைப்படங்கள் பல நொடிக்கு 23.976 சட்டங்கள் கொண்டவை. திரை சரியாக 24 காட்டும்படி அமைந்திருந்தால் வித்தியாசம் சேர்ந்து சேர்ந்து அந்த இடைவெளியில் ஒரு சட்டம் பிசகும். திரையின் வேகத்தைப் படத்துக்கு ஏற்பத் தானாக மாற்றும் அமைப்பைப் பிளேயரில் இயக்கினால் போய்விடும். படம் சில வினாடிகள் முழுக்கக் கறுத்துத் திரும்பினால் எச்டிஎம்ஐ கம்பியைச் சந்தேகிக்கலாம். நொடிக்கு 60 சட்டங்கள் கொண்ட 4கே படத்துக்கு 18 கிகாபிட் தாங்கும் கம்பி தேவை. பழைய கம்பிகள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

வாசலுக்கு வெளியே

வீட்டுக்குள் எல்லாக் கண்ணிகளும் சரி. இணையம் வழியே வரும் படம்தான் நிற்கிறது என்றால் இனிமேல்தான் நிறுவனத்தையும் அரசையும் கேட்க வேண்டும்.

2004-ம் ஆண்டின் பிராட்பேண்ட் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் தந்தாலே அது பிராட்பேண்ட் என்று வரையறுத்தது. பாலிகா பஜாரில் அப்போது விற்ற விசிடி தகட்டின் படத்துக்கே 1,150 கிலோபிட் வேண்டும். அதாவது அரசின் இலக்கணப்படி அகலமான அந்தச் சாலையில் ஒரு விசிடி படத்தின் கால் பங்குகூடப் போக முடியாது. பிறகு அது 512 கிலோபிட் ஆனது. 2012-ம் ஆண்டின் தேசியத் தொலைத்தொடர்புக் கொள்கை 2015-க்குள் 2 மெகாபிட் என்று இலக்கு வைத்தது. அந்த 2 மெகாபிட் வரையறை நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரியில். முழு எச்டி தரத்துக்கு 5 மெகாபிட் தேவை என்று நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் தன் சந்தாதாரர்களுக்குச் சொல்கிறது. வரையறையைவிடப் பல மடங்கு வேகம் நகரங்களில் கிடைக்கிறது என்பது உண்மைதான்; ஆனால் புகார் என்று வரும்போது சட்டத்தில் எழுதப்பட்ட குறைந்தபட்ச எண்ணே பேசும்.

2020 மார்ச் 24-ல், நாடு முழுவதும் பொது முடக்கம் அறிவிக்கப்பட்ட அன்றே, முன்னணி வீடியோ நிறுவனங்கள் கைப்பேசி இணைப்புகளில் படத்தின் தரத்தை 480 வரிகளுக்கு மேல் போகாமல் ஏப்ரல் 14 வரை கட்டுப்படுத்த முன்வந்தன. நெட்வொர்க் தாங்காது என்று கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் கேட்டுக்கொண்டதைத் தொடர்ந்தே இது நடந்தது. முழுக் கட்டணம் செலுத்திய சந்தாதாரரிடம் யாரும் கேட்கவில்லை.

நிர்ணயிக்கப்பட்ட அளவு தீர்ந்த பிறகு வேகம் குறைக்கப்படும் திட்டங்களிலும், கம்பிவழி இணைப்பில் அது 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்று டிராய் 2016-ல் உத்தரவிட்டது. மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் படம் நிற்கும் வீடுகள் தம் திட்டத்தின் இந்தப் பொடி எழுத்தைப் படித்துப் பார்க்கலாம். 2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராயின் சேவைத் தர விதிகளில், வேகத்தோடு தாமதம், தரவுப் பொட்டலங்களின் இழப்பு, அவை வந்துசேரும் நேரத்தின் ஏற்ற இறக்கம் ஆகியவையும் அளவுகோல்களாயின. வேகம் காகிதத்தில் 100 இருந்தும் படம் ஏன் திக்குகிறது என்பதற்கான விடை இந்த மூன்றில்தான் உள்ளது.

தனிநபர் புகார்களை டிராய் நேரடியாக விசாரிப்பதில்லை. முதலில் நிறுவனத்தின் சேவை மையத்தில் புகார் எண் பெற வேண்டும். தீராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் செல்ல வேண்டும். அதன் பிறகு நுகர்வோர் நீதிமன்றம் உண்டா என்பது நெடுநாள் சிக்கலாக இருந்தது. தந்திச் சட்டப்படி நடுவர் தீர்ப்புதான் வழி என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் கூறியிருந்ததைக் காட்டி நிறுவனங்கள் தப்பித்து வந்தன. 2022 பிப்ரவரியில் கைப்பேசி நிறுவனம் ஒன்று தொடர்பான வழக்கில், தந்திச் சட்டத்தின் அந்தப் பிரிவு நுகர்வோர் நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பறிக்காது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தொலைத்தொடர்பைச் சேவை என்று பெயர் குறித்தே சொல்கிறது.

அந்த வழியில் செல்ல நினைப்பவருக்கு வை-ஃபையில் எடுத்த வேகச் சோதனை உதவாது. குறை உங்கள் ரூட்டரில் என்று நிறுவனம் ஒரே வரியில் முடித்துவிடும். கணினியை நிறுவனம் தந்த பெட்டியில் கம்பியால் நேரடியாக இணைத்து, இரவு 9 மணிக்கும் அதிகாலையிலும் சில நாள்கள் தொடர்ந்து அளந்து, தேதி, நேரத்தோடு திரைப்பதிவு எடுத்துப் புகார் எண்ணோடு சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும்.